எட்டாத சீட்

யமஹா ஆர்15 பைக் 2008-ல் இங்கே வந்தபோது அதன் சீட் உயரம் 790 மில்லிமீட்டர். 2011-ல் இரண்டாவது வெர்ஷன் 800. 2018-ல் மூன்றாவது 815. பத்து வருஷத்தில் ஓர் அங்குலம் ஏற்றிவிட்டார்கள். ஓட்டுகிறவர்கள் அந்த வேகத்தில் வளரவில்லை. நம் ஆண்களின் சராசரி உயரம் இன்னமும் 165 சென்டிமீட்டரை ஒட்டித்தான். பெண்களுக்கு 152. இவர்கள் ஷோரூமில் ஏறி உட்கார்ந்து கட்டைவிரலால் தரையைத் தேடினால், 'போகப் போகப் பழகிடும் சார்' என்பார்கள். பெண் என்றால், 'ஸ்கூட்டர் பாருங்களேன் மேடம்.'

பின்புறத்தைத் தூக்கி வைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வளைவில் சாயும்போது ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசாது, முன் டயருக்கு எடை போகும். ரேஸ் ட்ராக்கில் சரி. அண்ணா சாலை சிக்னலில் யாரும் முட்டி உரசச் சாய்வதில்லை. அங்கே தேவை, சுமார் 140 கிலோ வண்டி ஒரு பக்கம் சரியும்போது ஊன்ற ஒரு கால். நுனிக்கால் பட்ட இடத்தில் கொஞ்சம் மணல் இருந்தால் போதும், பக்கத்தில் பஸ் வேறு நிற்கும்.

மெக்கானிக்கிடம் போனால், 'லிங்க் மாத்தினா இறங்கிடும் தம்பி' என்பார். பின் சஸ்பென்ஷனில் இருக்கும் சிறிய இணைப்புத் துண்டுக்குப் பதில் சற்று நீளமானதைப் போடுவது. நிஜமாகவே இறங்கும். கூடவே மற்றதெல்லாம் ஆரம்பிக்கும். பின்புறம் மட்டும் தாழ்ந்தால் முன் ஃபோர்க் மல்லாந்துகொள்ளும், ஹேண்டில் திரும்பச் சோம்பல்படும். அதைச் சரிக்கட்ட ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் மேலே நகர்த்த வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவு. சைடு ஸ்டாண்டு இப்போது நீளம். வண்டி விறைப்பாக நின்று, யாராவது இடித்தால் மறுபக்கம் சாயும். எனவே அதையும் வெட்டி வெல்டிங். நம்மூர் வேகத்தடையில் அடிவயிறு தட்டும். பின்னால் ஆள் ஏறிப் பள்ளத்தில் இறங்கினால் டயர் மட்கார்டைத் தொடலாம். ஓர் அங்குலத்துக்காக வண்டியையே மறுபடி டிசைன் செய்கிறோம், அதுவும் மரத்தடியில்.

இதைவிட சீட் கவர் தைக்கிறவர் உத்தமம். பலரும் கவனிக்காத விஷயம், உயரத்தைப் போலவே அகலமும் காலைத் தின்கிறது. கால் நேராகக் கீழே போவதில்லை. சீட்டின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. முன்பகுதியில் டாங்க்கை ஒட்டிய இரண்டு ஓரங்களிலும் ஃபோமைச் சரிவாகச் சீவினால் பாதம் கணிசமாக இறங்கும். சஸ்பென்ஷனில் கை வைக்க வேண்டாம். நடுவில் மட்டும் பேராசைப்பட்டு வெட்டாதீர்கள். திண்டிவனம் தாண்டுவதற்குள் முதுகெலும்பு புகார் சொல்லும்.

இரண்டு பாதமும் பட வேண்டும் என்பதும் இல்லை. இடுப்பை லேசாக நகர்த்தி இடது காலை முழுசாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கில் வைத்துக்கொண்டால் போதும். ஸ்பெயின்காரர் டானி பெட்ரோசா சுமார் 160 சென்டிமீட்டர்தான். 125 சிசியில் 2003-லும் 250 சிசியில் 2004, 2005-லும் உலக சாம்பியன். 2018-ல் ஓய்வு பெறும்வரை மோட்டோஜிபியில் 31 வெற்றிகள். ஆனால் புறப்படும் இடத்தில் அவருக்கு பைக்கைப் பிடித்துக்கொள்ள ஆள் உண்டு. நமக்கு ஹாரன் அடிக்கத்தான் ஆள்.

வேடிக்கை, மலையேறும் உயரமான வண்டிக்காரர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். 2023-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ன் சீட்டை 825-லோ 845-லோ வைத்துக்கொள்ளலாம். தாழ்வான சீட் தனியாக வாங்கினால் 805. அதாவது, கரடுமுரடில் ஓடப் பிறந்த வண்டி, காலேஜ் வாசலில் நிற்கிற ஸ்போர்ட்ஸ் பைக்கைவிடக் குள்ளமாகிவிடுகிறது. வித்தியாசம் கொஞ்சம் ஃபோம், ஒரு உறை. ஆர்15 வாங்கும்போதே இதைக் கேளுங்கள். ஸ்டிக்கருக்கு மூன்று கலர் காட்டுகிறவர்கள் சீட்டுக்கு இரண்டு உயரம் காட்டட்டுமே.