பரணில் 67,500 பக்கங்கள்

பாதிரியாரைக் கதாநாயகனாக வைத்து நாவல் எழுதுவதில் ஒரு அபாயம் உண்டு. கொஞ்சம் அசந்தால் பிரசங்கமாகிவிடும், அல்லது கிண்டலாகிவிடும். அமெரிக்க எழுத்தாளர் மெரிலின் ராபின்சன் 2004-ல் எழுதிய 'கிலியட்' இரண்டிலிருந்தும் தப்பித்திருக்கிறது. 2005-ல் புலிட்சர் பரிசு வாங்கிய நாவல். அவருடைய முதல் நாவல் 'ஹவுஸ்கீப்பிங்' வந்தது 1980-ல். நடுவில் இருபத்து நாலு வருஷம் நாவலே எழுதவில்லை. நம் ஊராக இருந்தால் ஆளையே மறந்திருப்போம்.

கதை 1956-ல் நடக்கிறது. அயோவா மாநிலத்தில் கிலியட் என்று ஒரு கற்பனை ஊர். போதகர் ஜான் ஏம்ஸுக்கு வயது 76. அப்பா, தாத்தா எல்லாரும் போதகர்கள்தான். முதல் மனைவியும் குழந்தையும் பிரசவத்தோடு போய்விட்டார்கள். அதன்பின் பல வருஷத் தனிமை. அறுபத்தேழு வயசில் லைலா என்ற பெண் சர்ச்சுக்குள் வருகிறாள். கல்யாணம். இப்போது ஏழு வயசுப் பையன். அதற்குள் இதயம் பழுதாகி, டாக்டர் கெடு சொல்லிவிட்டார். பையன் வளர்ந்தபின் படிப்பதற்காகக் கிழவர் ஒரு கடிதம் எழுத உட்காருகிறார். மொத்த நாவலும் அந்தக் கடிதம்தான்.

முதுமை எதையெதையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறது என்பதை ராபின்சன் புலம்பாமல் சொல்கிறார். பையனோடு ஓடியாட உடம்பில் தெம்பில்லை. நண்பர் பௌட்டன் (அவரும் போதகர்) மூட்டுவலியில் முடங்கிக் கிடக்கிறார். ஏம்ஸ் ஒரு கணக்குப் போடுகிறார். வருஷத்துக்கு ஐம்பது பிரசங்கம், நாற்பத்தைந்து வருஷம், ஆக 2,250. ஒன்றுக்கு முப்பது பக்கம் என்றால் 67,500 பக்கம். எண்ணிக்கையில் அகஸ்டினுக்கும் கால்வினுக்கும் சமமாக வந்துவிட்டேன் என்று தன்னையே கேலி செய்துகொள்கிறார். எல்லாம் பரணில், பெட்டி பெட்டியாக. யாரும் திறக்கப்போவதில்லை என்று அவருக்கே தெரியும்.

தமிழில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, சிக்கலும் அதுவேதான். 'நம்பிக்கை' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு கடவுள் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறோம், நாளை நல்லது நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தமிழ் பைபிள் அப்படிக் கலக்கவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு, அன்பு வேறு. ஏம்ஸிடம் விசுவாசத்துக்குப் பஞ்சமில்லை. நாஸ்திகரான அண்ணன் கொடுத்த ஃபாயர்பாக் புத்தகத்தையே ரசித்துப் படிக்கிற அளவுக்குத் திடமான விசுவாசம். நாவல் சோதிப்பது இரண்டாவதை. நான் போனபின் இந்தப் பெண்டாட்டி, பிள்ளை கதி என்ன?

அந்தக் கவலைக்கு ஒரு ஆளும் வந்து சேர்கிறான். பௌட்டனின் உருப்படாத மகன் ஜாக். ஏம்ஸின் பெயரையே வைத்து, அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றவன். இளமையில் ஒரு ஏழைப் பெண்ணைக் கெடுத்து, குழந்தையோடு கைவிட்டவன். அந்தக் குழந்தை செத்தும் போயிற்று. இப்போது நாற்பதைத் தாண்டித் திரும்பி வந்து, ஏம்ஸின் பையனோடு பந்து விளையாடுகிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் லைலா, பையன், ஜாக் மூவரும் ஒரே பெஞ்சில். மேடையிலிருந்து பார்க்கிற கிழவருக்கு ஒரு இளம் குடும்பம் மாதிரி தெரிகிறது. வயிறு எரிகிறது. ஆகாரையும் இஸ்மவேலையும் பற்றி ஆரம்பித்த பிரசங்கம், பிள்ளையைக் கைவிடும் அப்பன்கள் பக்கம் திரும்புகிறது. ஜாக்கின் முகம் வெளுக்கிறது. இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நல்ல மனுஷனின் பொறாமையை இவ்வளவு நேர்மையாக எழுதுவது கஷ்டம்.

ஜாக் வந்த காரணம் வேறு. அவனுக்கு ஒரு கறுப்பினப் பெண்ணோடு குடும்பம் இருக்கிறது, மகனும் இருக்கிறான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தக் கல்யாணம் அப்போது சட்டப்படி குற்றம். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைத் தூக்கியெறிந்தது 1967-ல்தான். அயோவாவில் தடையில்லை. கிலியட் எங்களை ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறான். ஏம்ஸால் பதில் சொல்ல முடியவில்லை. அடிமை முறைக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கி ஒரு கண்ணை இழந்தவர் அவருடைய தாத்தா. அதே ஊரில் கறுப்பர்களின் சர்ச்சுக்கு யாரோ தீ வைக்க, அவர்கள் ஊரைவிட்டே போனார்கள். கிழவர் அதைச் 'சின்னத் தீ' என்று சொல்லித் தாண்டிப் போகிறார்.

ஏம்ஸை ஒரு மகானாகப் பார்க்கிற வாசகர்கள் இந்த வரியைத் தவறவிடுகிறார்கள். வயசானால் ஞாபகம் போகும், சரி. வசதியான இடத்தில் மட்டும் போனால்? ஊர் செய்த தப்பை மறந்துவிட்டு வருகிற நிம்மதிக்குத் தூக்கம் என்று பெயர். நம்பிக்கை என்று சொல்லமுடியாது. ராபின்சன் இதை உரக்கச் சொல்லாமல் கதைக்குள் புதைத்து வைத்திருக்கிறார்.

கடைசியில் ஏம்ஸ் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஜாக்கின் நெற்றியில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார். அந்த ஃபாயர்பாக் புத்தகத்தையும் கொடுத்து அனுப்புகிறார். ஜாக்கின் பிரச்னை எதுவும் தீரவில்லை. ஆனால் அதன்பின் கிழவரின் பிடி தளர்கிறது. ஆபிரகாம் தன் பிள்ளையை வனாந்தரத்துக்கு அனுப்பியது போல, தானும் பையனை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்பது உறைக்கிறது. பரணில் இருக்கிற பிரசங்கங்களை எரித்துவிடச் சொல்லலாம் என்றும் யோசிக்கிறார். நன்றாக எரியுமாம்!

குறை இல்லாமல் இல்லை. முதல் ஐம்பது பக்கம் மெதுவாக நகர்கிறது. லைலா இதில் அதிகம் பேசுவதில்லை. அவள் கதைக்கு 2014-ல் வந்த 'லைலா'வைப் படிக்கவேண்டும். ஜாக்குக்கு 2020-ல் தனி நாவலே கிடைத்துவிட்டது. இதைப் படிக்க நீங்கள் கிறிஸ்தவராக இருக்கவேண்டியதில்லை, வயசானவராகவும் இருக்கவேண்டியதில்லை. வீட்டில் எழுபது தாண்டிய ஒருவர், வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, பேரனை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், அவர் என்ன யோசிக்கிறார் என்று கொஞ்சம் புரியும்.