ஏறுதலும் திரும்புதலும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

1. முன்னுரை

சமயச் சொற்களை மொழிபெயர்ப்போர் அகராதிப் பொருளை மட்டும் கருதுதல் போதாது; அச்சொல்லை ஆள்வோர் எங்கு நின்று பேசுகின்றனர் என்பதையும் கருதவேண்டும். 'அலியா' என்னும் எபிரேயச் சொல்லைத் தமிழில் தருவதில் எழும் சிக்கலை முன்வைத்து இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

புணே நகரில் கட்கி கண்டோன்மெண்டை அடுத்துள்ளது போபோடி. அங்கு வாழும் பெனே இஸ்ரேல் மூதாட்டி ஒருவர், இஸ்ரேலில் குடியேறிவிட்ட மகள் வீட்டிற்குப் பஸ்கா விழாவுக்காகச் செல்வதாகக் கொள்வோம். பேரப்பிள்ளைகளைக் காண்பது ஒரு நோக்கம். எருசலேமில் வழிபட்டு உள்ளம் புத்துயிர் பெறுவது மற்றொன்று. விழா முடிந்தபின் அவர் ஊர் திரும்பிவிடுவார். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட இச்சமூகத்தாருள் பெரும்பாலோர் 1948க்குப் பின் இஸ்ரேல் சென்றுவிட்டனர். எனவே இத்தகைய பயணம் அரிதன்று. இதனை எச்சொல்லாற் குறிப்பது?

2. எபிரேய வழக்கு

'அலியா' என்பதன் நேர்ப்பொருள் 'ஏறுதல்'. திருவிழாக்களுக்கு எருசலேம் செல்லுதல், தொழுகைக்கூடத்தில் தோரா வாசிப்பிற்கு அழைக்கப்பெறுதல், இஸ்ரேலில் குடியேறுதல் ஆகிய மூன்றையும் அது குறிக்கும். இஸ்ரேலை விட்டு வெளியேறிக் குடிபெயர்வது 'எரிதா', அதாவது 'இறங்குதல்'. இதில் இழிவுக்குறிப்பும் உண்டு. மூதாட்டி குடியேறவில்லை, ஆதலின் அரசு வழக்கில் அவர் சுற்றுலாப் பயணியே. ஆயினும் அவர் பயணத்தைச் 'சுற்றுலா' என்பது பொருளைச் சிதைப்பதாகும்.

3. தமிழ் வழக்கு

தமிழ் விவிலியம் 120 முதல் 134 வரையுள்ள சங்கீதங்களை 'ஆரோகண சங்கீதம்' எனத் தலைப்பிட்டு ஏறுதற் பொருளைக் காத்துள்ளது. தமிழில் 'குடியேறு', 'கரையேறு', 'ஈடேறு' என்னும் கூட்டுவினைகளிலும் 'ஏறு' உண்டு. எனவே குடியேற்றப் பொருளில் 'குடியேறு' இயல்பாகவே பொருந்தும். 'மலையேறு' என்பதோ தெய்வம் ஆடியவரை விட்டு நீங்குவதையும் காலம் கடந்துபோனதையும் குறிப்பதால் தவிர்க்கத்தக்கது. 'யாத்திரை' என்பது சமய நோக்கைக் காட்டும். குடும்ப நோக்கை மறைத்துவிடும்.

யாத்திரையின் திசையும் ஒன்றன்று. அலிபாக் அருகிலுள்ள கண்டாளாவில் எலியா தீர்க்கதரிசி தோன்றினார் என்பது பெனே இஸ்ரேலர் நம்பிக்கை. இஸ்ரேலில் வாழ்வோரும் அங்கு வந்து, அவலும் தேங்காயும் சர்க்கரையும் கலந்த 'மலிதா' படைத்து நேர்த்திக்கடன் தீர்க்கின்றனர். 'ஏறுதல்–இறங்குதல்' என்னும் இணை இவ்வருகையை விளக்க இயலாது.

4. புணே ஹகதா

பஸ்கா இரவில் வாசிக்கப்பெறும் 'ஹகதா' நூல் 1874இல் புணேயில் எபிரேய மூலத்துடனும் மராத்தி மொழிபெயர்ப்புடனும் அச்சாயிற்று. அதன் படத்தில் பெண்கள் புடவையுடுத்தித் தரையில் அமர்ந்து புளிப்பில்லா அப்பம் செய்கின்றனர். மூலத்தை விலக்காமலும் இடத்தை மறைக்காமலும் அமைந்தமையே இந்நூலின் சிறப்பு. 'ஹகதா' என்பதற்கு 'எடுத்துரைத்தல்' என்பது பொருள். பிள்ளைக்கு எடுத்துரைப்பதே அவ்விரவின் கடமை. இன்று பாட்டி மராத்திப் பகுதியைப் படிப்பார். எபிரேயச் சூழலில் வளர்ந்த பேரனுக்குத் தேவநாகரி எழுத்தே அயலாகலாம். முன்பு மூலத்திற்கு மொழிபெயர்ப்புத் துணைநின்றது. இனி மொழிபெயர்ப்பிற்கே மூலம் துணைநிற்க வேண்டியுள்ளது. எடுத்துரைக்கும் மொழி அற்றுப்போமாயின் கடமையும் குறைவுறும்.

5. முடிவுரை

மூன்று பொருளுக்கும் ஒரே சொல்லை ஆளுதல் பிழை. குடியேற்றத்திற்குக் 'குடியேறுதல்' எனவும், வேதவாசிப்பிற்கு விளக்கத்துடன் 'அலியா' எனவும், மூதாட்டியின் செலவிற்குப் 'பயணம்' எனவும் வழங்குதல் தகும். மனமாற்றத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான 'தெஷுவா' என்பதன் வேர்ப்பொருள் 'திரும்புதல்'. தமிழ்க் கிறித்தவ வழக்கிலும் அது 'மனந்திரும்புதல்' ஆகும். ஆகவே போபோடிக்குத் திரும்பும் மூதாட்டியை 'இறங்கியவர்' எனக் காட்டும் தேவை தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. 'அவர் வீடு திரும்பினார்' என எழுதுதலே அமையும்.