அரக்கும் கரியும்

கீழப்பாவூரிலிருந்து பாவூர்சத்திரம், கடையம் வழியாகத் தெற்கே போனால் அம்பை என்கிற அம்பாசமுத்திரம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சோறாக்கி விளையாடிய மரச்சொப்புகள் அந்த ஊர்க் கடைசல் பட்டறைகளில் பிறந்தவை.

சொப்புக்கு நிறம் ஏற்றத் தூரிகை கிடையாது. சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கர்நாடகத்தின் சன்னபட்டணாவில் அதன்மேல் தாழை ஓலையை அழுத்தி மெருகேற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வெப்பம்தான் அங்கே வேலையை முடித்துக்கொடுக்கிறது.

ஜப்பானின் யாகிசுகி முறையில் தீயே நேராக இறங்குகிறது. சுவருக்கான மூன்று சுகி மரப் பலகைகளை முக்கோணக் குழாயாகக் கட்டி நிறுத்தி, அடியில் நெருப்பு வைப்பார்கள். குழாய் புகைபோக்கியாகித் தீயை மேலே இழுக்கும். சில நிமிடங்களில் உள்முகம் முழுக்கக் கரியாகிவிடும். உடனே பிரித்துத் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். அந்தக் கரித்தோல் மழையைத் தாங்கும். கட்டடக் கலைஞர் தெருனோபு ஃபுஜிமோரி 2007-இல் நாகானோவில் கட்டிய 'யாகிசுகி வீடு' பிறநாட்டாரையும் இந்தக் கைமுறையின் பக்கம் திரும்பிப் பார்க்கவைத்தது.

பலகையைப் போலக் கிண்ணத்தையும் சுடலாம்; ஆனால் அது இன்னும் கடினம். கடைந்த கிண்ணத்தின் இரு பக்கங்களில் இழை நீளவாக்கில் ஓடும். மற்ற இரு பக்கங்களில் அதன் வெட்டுமுகம் வெளியே தெரியும். வெட்டுமுகத்தில் நெருப்பு சட்டென்று ஆழமாக இறங்கிவிடும். சுடர் ஓரிடத்தில் நின்றாலோ மெல்லிய விளிம்பு வெடித்துவிடும். அதனால் கை ஓயாமல் நகர வேண்டும். உணவு படும் உள்புறத்தைச் சுடாமல் எண்ணெய் மட்டும் பூசுவார்கள்.

அடுத்து வருவதுதான் இந்தக் கலையின் உயிர். கம்பித் தூரிகையால் இழையோட்டமாகத் தேய்க்கும்போது, ஆண்டு வளையத்தில் வேகமாக வளர்ந்த மென்பகுதி கரியாய் உதிர்ந்துபோகும். மெதுவாக இறுகிய வன்பகுதி வயல் வரப்புபோல எழுந்து நிற்கும். மரத்தின் வளையங்களை விரலால் தடவி எண்ணலாம். பாலோனியா மரத்துக்கு ஜப்பானியத் தச்சர்கள் புல்வேரைக் கட்டிச் செய்த உஸுகுரியால் இதே வேலையைச் செய்கிறார்கள்.

அம்பைச் சொப்புக்குப் பெயர்பெற்ற மஞ்சள் கடம்பில் இது எடுபடாது. அதன் இழை நெருக்கமானது, ஒரே சீரானது. அரக்குக்கு அதுவே வரம். ஆனால் சுட்டால் வரப்பு எழும்பாது. வெறும் கறுப்புதான் மிஞ்சும். தேக்கில் வளையங்கள் தெளிவாக ஓடுகின்றன. அங்கே தீக்கு நல்ல வேலை இருக்கிறது.

செய்து பார்க்கத் தகுந்த பாத்திரமும் நம்மிடமே உண்டு: உப்பு மரவை. உப்பு உலோகத்தை அரித்துவிடும் என்பதால் பழைய அடுக்களைகளில் அதை மரத்தில் வைத்தார்கள். வெளியே கரி வரிகளும் உள்ளே தேக்கின் பொன்பழுப்புமாக ஒரு மரவை அம்பைக் கடைசலில் உருவானால், அரக்குச் சொப்புக்குப் பக்கத்திலேயே அதை வைக்கலாம். வேலை சுத்தமா என்று அறிய, வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும்: துணியில் கரி ஒட்டினால் இன்னும் தேய்க்க வேண்டியிருக்கிறது.