பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடைகளும் சுவைத் திறனாய்வும்

செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் தமிழர் வாழ்விடமாயிற்று. கோலாலம்பூரின் இப்பகுதி 2010ஆம் ஆண்டு 'லிட்டில் இந்தியா'வாகத் திறந்துவைக்கப்பட்ட பின்னர், உணவகங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் துன் சம்பந்தன் சாலையோடு நின்றுவிடுகின்றனர். பக்கச் சந்துகளிலுள்ள ஒட்டுக்கடைகளை நாடும் சிலரும் 'அருமை', 'மொறுமொறுப்பு' என்னும் இரு சொற்களில் கடமையை முடித்துக்கொள்கின்றனர். இது விளம்பரமேயன்றித் திறனாய்வு அன்று.

வடையைப் பற்றி எழுதப் புகுந்தவர் உளுந்து அரைபட்ட பக்குவத்தைச் சொல்ல வேண்டாவா? மாவில் காற்றேறாவிடின் வடை கல்லாகும். நீர் மிகுந்தால் எண்ணெய் குடிக்கும். தோசைமாவை முதல்நாளே அரைத்துப் புளிக்கவிடல் வேண்டும். குளிர்ந்த மழையிரவில் அது மெல்லவே பொங்கும். இவற்றையெல்லாம் கை அறியும். அக்கைக்குரியவரை வினவி எழுதியோர் மிகச் சிலரே.

சிறு கடை என்பதற்காகக் குறையை மறைத்தலும் தகாது. பொட்டலத் தூளை மட்டுமே நம்பிய சாம்பார், சந்தில் விற்றாலும் சுவையற்றதே. (பெரிய உணவகத்துச் சாம்பாரும் இதற்கு விலக்கன்று.)

இவற்றினும் பெருங்குறை ஒன்றுண்டு. தமிழர் நடத்தும் கடைகள் பலவற்றில் விலைப்பட்டியலில் தமிழ் இல்லை. இடியாப்பத்தை மலாய் வழக்கில் 'புத்து மாயாம்' என்பர். அப்பெயரும் இந்நாட்டில் வேரூன்றியதே, அதனை வெறுக்க வேண்டுவதில்லை. ஆயினும், தமிழ்ப்பள்ளி மாணவன் அதனை மட்டுமே சொல்லிக் கேட்கிறான். 'இடியாப்பம்' என்று எழுதிக் காட்டினால், அது எவ்வுணவு என ஆசிரியரையே வினவுகிறான்.