நூற்றுப் பன்னிரண்டு 'அருமை'

டிசம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மேற்கு மாம்பலத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் பன்னிரண்டு பதினைந்து பேர் கூடுவோம். விரிக்கப் பாய், ஃப்ளாஸ்கில் காபி, எவர்சில்வர் தூக்கில் சுண்டல். ஆளுக்குப் பத்து நிமிடம். அந்த வருஷம் என்னென்ன படித்தோம், எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். ஏழெட்டு வருஷமாக நடக்கிறது. சங்கத்துக்குப் பெயர் கிடையாது, தலைவர் கிடையாது, பொன்னாடை கிடையாது. அதனால்தான் இன்னும் நடக்கிறது.

நான் பி.காம். படித்தவன். வருஷக் கடைசி என்றாலே எனக்கு ஸ்டாக் எடுப்பது ஞாபகத்துக்கு வந்துவிடும். கோடவுனில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று எண்ணி எழுதினால் மட்டும் போதாது. எலி கடித்தது எத்தனை, ஈரம் பட்டது எத்தனை, இனிமேல் விலை போகாதது எத்தனை என்பதையும் எழுதவேண்டும். வெறும் எண்ணிக்கையை நீட்டினால் ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார்.

போன டிசம்பர் கூட்டத்தில் முதலில் பேசியவர் ஒரு சாஃப்ட்வேர்க்காரர். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார்.

"நூத்திப் பன்னெண்டு புக்கு சார் இந்த வருஷம்."

எல்லோரும் கை தட்டினோம். வாசிக்க ஆரம்பித்தார். முதல் புத்தகம் அருமை. இரண்டாவது மிக அருமை. மூன்றாவது தவறவிடக்கூடாத புத்தகம். நாலாவது அருமை. இருபத்தைந்தைத் தாண்டும்போது சுண்டல் தீர்ந்துவிட்டது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "சார், அந்த நாற்பத்தேழாவது புத்தகத்தில் என்ன இருந்தது?" என்று கேட்டுவிட்டேன். தாளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "நல்லாயிருந்துச்சு சார்" என்றார். பாவம், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தவர் பாங்க்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர். "நான் ஒண்ணுதான் படிச்சேன். 'மோகமுள்.' நாலாவது தடவை" என்றார். யாரும் கை தட்டவில்லை. ஆனால் அவர் பேசின பத்து நிமிடத்தில் யாரும் அசையவுமில்லை.

காலேஜில் படித்தபோது அவருக்குப் பாபுவும் யமுனாவும்தான் நாவலாம். தன்னைவிடப் பத்து வயது மூத்தவளை ஒருத்தன் நினைத்து உருகுகிறான் என்பதே அந்த வயதில் பெரிய அதிர்ச்சி. மிச்சமெல்லாம் எப்போது முடியும் என்று புரட்டிக்கொண்டு போயிருக்கிறார். நாற்பது வயதில் படித்தபோது ரங்கண்ணா முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். சங்கீதத்தை இத்தனை சத்தியமாக நினைத்த ஒருவருக்கு நாம் சிஷ்யனாக இருக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று இருந்ததாம். "இந்தத் தடவை பாபுவோட அப்பா வைத்தி சார். பையனைப் பட்டணத்துக்கு அனுப்பிட்டு உட்கார்ந்திருக்கிற அப்பா. அவர் அந்தப் புஸ்தகத்துல இவ்வளவு இருக்கார்னே எனக்கு இத்தனை நாள் தெரியலை" என்றார். அவருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியும். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மூன்றாவதாக ஒரு கல்லூரி மாணவி. எங்கள் கூட்டத்துக்குப் புதிது. கொஞ்சம் பயந்தபடி, "'ஜே.ஜே: சில குறிப்புகள்' எடுத்தேன். அறுபதாவது பக்கத்துல விட்டுட்டேன்" என்றாள்.

மொட்டைமாடி கப்சிப். 1981ல் வந்த நாள்முதல் இலக்கிய வாசகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் சுந்தர ராமசாமியின் நாவல். அதையா பாதியில் விட்டாய் என்பது போல நாலு பேர் பார்த்தார்கள். ஒருவர், "இன்னும் கொஞ்சம் படிச்சுட்டு வாம்மா, அப்புறம் புரியும்" என்றார் கனிவாக. தமிழில் ஒரு வாசகரை விரட்டியடிக்க இதைவிடச் சிறந்த வாக்கியம் இல்லை.

நல்லவேளை, அந்தப் பெண் விரண்டு ஓடவில்லை. "ஜே.ஜே. பெரிய மேதை, பெரிய மேதைன்னு பாலு சொல்லிட்டே இருக்கார் சார். ஆனா ஜே.ஜே. எழுதினதை எனக்குக் காட்ட மாட்டேங்கறார். நான் எதை வச்சு நம்பறது?"

அடடா! பெரியவர்தான் பதில் சொன்னார். "அது பின்பாதியில வருதும்மா. ஜே.ஜே.யோட டைரி. வேணும்னா நேரா அங்க போயிடேன்." அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. "அப்படிப் படிக்கலாமா?" என்றாள். "உன் புஸ்தகம், உன் இஷ்டம்" என்றார்.

அன்றிரவு வீட்டுக்குப் போனதும் நான் ஜே.ஜே.யை எடுத்தேன். அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஒருவனை முதலில் அடுத்தவர் கண்ணால் காட்டிவிட்டு, அப்புறம் அவன் குறிப்புகளைத் தருகிறது அந்த நாவல். அந்தக் காத்திருப்பு அதன் பலம் என்றுதான் நினைத்திருந்தேன். சிலருக்கு அதுவே கதவாக அடைத்துக்கொள்ளும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதில்லை. நூற்றுப் பன்னிரண்டு 'அருமை'கள் செய்யாத வேலையை ஒரு 'விட்டுட்டேன்' செய்தது.

சரி, பட்டியல் போடுவது தப்பா? இல்லவே இல்லை. தமிழில் அதற்கு ஒரு பெரிய பாரம்பரியமே இருக்கிறது. 'பொய்த்தேவு' எழுதிய க.நா.சு., தமிழில் நல்ல நாவல் இவை, நல்ல எழுத்தாளர் இவர்கள் என்று வருஷக்கணக்கில் விடாமல் பட்டியல் போட்டார். 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பிலேயே ஒரு புத்தகம் எழுதினார். பட்டியலில் இல்லாதவர்களுக்கு அவர்மேல் கோபம். இருந்தவர்களுக்கும் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்த்துக் கோபம் வந்திருக்கும்.

அவருக்கு எதிர்ப்பக்கம் சி.சு.செல்லப்பா. 1959ல் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்தவர். ரசனை மட்டும் போதாது, படைப்பைப் பிரித்து அலசி, ஏன் நல்லது என்று காரணம் காட்டவேண்டும் என்பது அவர் கட்சி. புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்ற மனிதர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. காரணம் சொல்லாத கருத்து, வவுச்சர் இல்லாத செலவு மாதிரி.

ஆனால் க.நா.சு. பட்டியலில் நம் பட்டியல்களில் இல்லாத ஒன்று இருந்தது. அவர் பலரை விட்டார். ஊரே கொண்டாடியவர்களையும் விட்டார். பட்டியலுக்கு மதிப்பு வந்ததே அதனால்தான். நாம் போடுகிற வருஷக் கடைசிப் பட்டியலில் யாருமே விடுபடுவதில்லை. நண்பர் எழுதியது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து வாங்கியது எல்லாம் வந்துவிடுகின்றன. 'இது எனக்குப் பிடிக்கவில்லை' என்ற ஒரு வரியைத் தேடித்தான் பார்க்கவேண்டும். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு ஆயிரம் ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு போகிறவர் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வார், சொல்லுங்கள்.

இதை மற்றவர்களுக்கு உபதேசமாகச் சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. ஒரு தடவை ஒரு தடித்த நாவலைப் பாதி படித்தேன். பாதி பிரமாதமாக இருந்தது. கட்டுரை கொடுக்கவேண்டிய நாள் வந்துவிட்டது. மிச்சமும் பிரமாதமாகத்தானே இருக்கும் என்று புகழ்ந்து எழுதிவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு கார்டு வந்தது. சின்ன ஊரில் மளிகைக்கடையில் கணக்கு எழுதுகிறவர். 'ஐயா, நீங்கள் எழுதியதைப் பார்த்து வாங்கினேன். முன்னூறாவது பக்கத்துக்குமேல் கதை ஏன் இப்படிப் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.' கிண்டலே இல்லை. நிஜமாகக் கேட்டிருந்தார். அன்றைக்கு உட்கார்ந்து மிச்சத்தைப் படித்தேன். விளக்க ஒன்றுமில்லை. நாவல் அங்கே விழுந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டேன். அந்தக் கார்டு இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

படிக்காமல் புகழ்ந்தால் யாரோ ஒருவருக்குப் பணமும் நேரமும் நஷ்டம். படிக்காமல் ஏசினால்? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010ல் வந்தது. நாலு வருஷம் கடைகளில் சாதுவாக இருந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியபோது சில பக்கங்கள் மட்டும் பிரதி எடுக்கப்பட்டுக் கைக்குக் கை போயின. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும்படி ஆயிற்று. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை மறுபடி எழுதச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. முழுக்கப் படித்துவிட்டு மனம் புண்பட்டவர்களும் இருந்திருக்கலாம். அவர்களோடு உட்கார்ந்து பேசலாம், சண்டைகூடப் போடலாம். நாலு பக்க ஜெராக்ஸோடு வந்தவரிடம் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது?

அதனால்தான் சொல்கிறேன், மொட்டைமாடியில் சுண்டல் தின்றுகொண்டு பேசுவது சின்ன விஷயம் இல்லை. 'எதுவரை படித்தேன், எது பிடித்தது, எங்கே விட்டேன், ஏன் விட்டேன்' என்று நேர்மையாகச் சொல்லப் பழகின ஊரில், படிக்காமல் பேசுகிறவருக்கு அவ்வளவு சுலபமாகக் கூட்டம் சேராது.

உங்களுக்கும் ஒரு வேலை வைக்கிறேன். இந்த வருஷக் கணக்கை எழுதும்போது ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முடித்தவை, விட்டவை, மறுபடி படித்து அபிப்பிராயம் மாறியவை. எண்ணிக்கை வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி காரணம் போதும். முதல் பத்தி நிரம்பி மற்ற இரண்டும் காலியாக இருந்தால், கணக்கில் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம்.

நூற்றுப் பன்னிரண்டு சாரை நான் புண்படுத்திவிட்டேனோ என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்தார்.

"அன்னிக்குக் கேட்டீங்களே சார், நாற்பத்தேழாவது புக்கு. மறுபடி எடுத்துப் படிச்சேன்."

"எப்படி இருந்தது?"

கொஞ்சநேரம் சத்தமே இல்லை. அப்புறம், ஏதோ பாரத்தை இறக்கி வைக்கிற மாதிரி சொன்னார்:

"சுமார்தான் சார்."