தொழிற்பயிற்சியில் அதிகாரப் பகிர்வு: விழுப்புரம், திண்டிவனத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

தொழிலாளர்க்கான தொழிற்பயிற்சி, மத்திய அரசும் மாநில அரசும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. 1950இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் உருவான தொழிற்பயிற்சி நிலையங்களின் (ஐ.டி.ஐ.) அன்றாட நிர்வாகம் 1956இலும் நிதிப் பொறுப்பு 1969இலும் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டன. பாடத்திட்டமும் அகில இந்தியத் தேர்வும் சான்றிதழும் மத்திய அரசிடமே நீடித்தன. விழுப்புரம், திண்டிவனம் அரசு ஐ.டி.ஐ.களும் இந்த ஏற்பாட்டுக்குள் இயங்குபவையே.

இதன் முதன்மையான வலிமை பொதுத்தரம். திண்டிவனத்தில் பிட்டர் பிரிவில் இரண்டாண்டு பயின்றவர் பெறும் தேசியத் தொழிற்சான்றிதழ், பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலும் வடமாநில ஆலையிலும் ஒரே தகுதியாகக் கொள்ளப்படுகிறது. மாநில அரசு தன் பங்காகக் கட்டணமில்லாப் பயிற்சியும் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் வழங்குவதால், செஞ்சி, மயிலம் வட்டாரத்து ஏழை மாணவர்களுக்கும் அத்தகுதி எட்டுகிறது.

குறை, உள்ளூர்த் தேவை முடிவாக மாறும் வழியில் உள்ளது. திண்டிவனத்தில் சிப்காட் உணவுப் பூங்கா அமைந்துள்ளது. அதற்கேற்ற புதிய தொழிற்பிரிவு ஒன்றை அங்குள்ள ஐ.டி.ஐ.யில் தொடங்க வேண்டுமானால், பணிமனைப் பரப்பு, இயந்திரங்கள், மின்திறன் ஆகியவை மத்திய விதிமுறைக்குப் பொருந்த வேண்டும். பயிற்றுநர் பணியிடத்திற்குச் சென்னையின் ஒப்புதலும் பிரிவுக்கு டெல்லியின் அங்கீகாரமும் வேண்டும். இவற்றில் ஒன்று தாமதித்தாலும் திட்டம் நின்றுவிடும். ஆனால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பது தெளிவாவதில்லை.

உள்ளாட்சியின் நிலை இதைவிட மெலிந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளைக் கூறும் அரசியலமைப்பின் 11ஆம் அட்டவணையில் தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும் உள்ளன. நகராட்சிகளுக்கான 12ஆம் அட்டவணையில் அவை பெயர்சுட்டிக் குறிப்பிடப்படவில்லை. விழுப்புரமும் திண்டிவனமும் நகராட்சிகள். ஆட்சியர் தலைமையிலான மாவட்டத் திறன் குழு திட்டம் வகுக்கலாமே தவிர, ஐ.டி.ஐ.யில் எப்பிரிவு நடக்க வேண்டும் எனத் தீர்மானிக்க இயலாது. 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 60,000 கோடி ரூபாய் ஐ.டி.ஐ. மேம்பாட்டுத் திட்டத்திலும் மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில்துறை 10,000 கோடி என்றே பங்கு பிரிக்கப்பட்டது. உள்ளாட்சிக்குத் தனிப்பங்கு இல்லை.

எனவே தேர்வையும் சான்றிதழையும் மத்திய அரசிடமும், பயிற்றுநர் நியமனத்தையும் செலவையும் மாநிலத்திடமும் விட்டுவிட்டு, தொழிற்பிரிவுகளில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை உரிய நிதியுடன், நகராட்சிகளும் இடம்பெறும் மாவட்டத் திறன் குழுவிடம் அளிப்பதே பொருத்தமான சீர்திருத்தமாகும்.