உழவன் எப்படி வசையானான்: லூயிஸின் விதிக்கு ஒரு சோதனை

நாகரிகமற்றவனை ஆங்கிலத்தில் ‘பூர்’ என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் டச்சு, தாழ்ஜெர்மன் பேச்சிலிருந்து வந்த அச்சொல்லுக்கு உழவன் என்றுதான் பொருள். சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட ‘ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்’ இத்தகைய திரிபுகளுக்கு ஒரு பொதுவிதி வகுத்தது: அந்தஸ்தைக் குறித்த சொற்கள் நாளடைவில் குணத்தைக் குறிக்கும். ‘நோபிள்’ உயர்ந்ததும் ‘வில்லன்’ தாழ்ந்ததும் அப்படித்தான்.

விதியின் சிறப்பு அதன் நிதானம். மேட்டுக்குடித் திமிரே காரணம் என்று லூயிஸ் வழக்கை முடித்துவிடவில்லை. மேலோர் நடத்தையிலும் மேலோராக இருப்பர் என்ற மக்களின் நம்பிக்கையையும், ஒவ்வொரு நிலைக்கும் உரியதாகக் கருதப்பட்ட ஒழுக்கத்தையும் சேர்த்தே எடைபோடுகிறார். ‘நோபிள்’ என்பதற்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. தாழ்ந்த சொற்களிடம்தான் இடறுகிறது.

‘பூர்’ என்பதன் பழைய ஆங்கில உறவு ‘யெபூர்’. நார்மன் படையெடுப்புக்கு முந்தைய பண்ணை ஆவணமொன்று அவன் கடமைகளை விரிக்கிறது. வாரம் 2 நாள் பண்ணை வேலை, அறுவடையில் 3 நாள். நிலத்தோடு 2 எருதும் 1 பசுவும் 6 ஆடும் கிடைக்கும். அவன் இறந்தால் மிஞ்சியது பண்ணையாருக்கு. இவ்வளவு ஒடுங்கிய வாழ்விலிருந்தும் வசை பிறக்கவில்லை. அருகில் குடியிருப்பவன் என்ற பொருளில் அதே ‘யெபூர்’ ‘நெய்பர்’ என்ற சொல்லுக்குள் இன்றும் மதிப்போடு இருக்கிறது. அந்தஸ்து தாழ்ந்திருந்தாலே சொல் தாழ்ந்துவிடாது. தாழ்த்த ஒருவருக்குத் தேவை இருக்க வேண்டும்.

அந்தத் தேவையை ஷேக்ஸ்பியர் கண்டிருந்தார். ‘தி விண்டர்ஸ் டேல்’ ஐந்தாம் அங்கத்தில், கனவானாகி நான்கு மணி நேரமே ஆன இடையன் மகன், தன்னைப் பிரித்துக்காட்டவே ‘பூர்’களை இழுக்கிறான். இங்கே மேலோர்மீது நம்பிக்கை எதுவும் செயல்படவில்லை. வந்த வழியை அடைக்கும் அவசரமே தெரிகிறது.

‘சர்ல்’ இன்னும் கடுமையான சோதனை. அதன் மூலமான ‘சியோர்ல்’ சுதந்திரக் குடியானவன். பழைய ஆங்கில அரசான வெசெக்ஸில் அவன் உயிருக்கு 200 ஷில்லிங் ஈட்டுத்தொகை இருந்தது. 1066இன் நார்மன் படையெடுப்புக்குப் பின் குடியானவர்கள் பலர் சுதந்திரமிழக்க, சொல்லும் முரடனைக் குறிக்கலாயிற்று. அதன் ஜெர்மானிய உறவான ‘கார்ல்’ பேரரசர்களின் பெயரானது. ஒரே குடும்பத்துச் சொற்களுக்கு இரு விதிகள் என்றால், காரணத்தைச் சட்டத்திலும் நில உடைமையிலும் தேட வேண்டும். லூயிஸ் பெரிதும் இலக்கியத்திலேயே தேடினார். திரிபின் திசையை அவரைவிடத் தெளிவாகக் காட்டியவர் அரிது. வசைச்சொற்களைப் பொறுத்தவரை அவர் சொன்ன காரணத்தை ஏற்பதற்கில்லை.